மூன்றாவது வாரத்து விடுப்பு

எங்கள் மையத்தில் தேக்கரண்டிகளைக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை எண்ணுபவர் லாந்தோனி எசே. எசே என்றால் அக்கா. அவரைவிட மூத்தவர்களும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மொத்தம் முப்பத்தாறு கரண்டிகள். முப்பத்தைந்து வந்தால், முப்பத்தாறாவது கரண்டி எந்த மெத்தைக்கடியில் பொடி காய்ச்சக் காத்திருக்கிறது என்று தெரியும்வரை யாருக்கும் தேநீர் கிடையாது, ஆலோசகர்களுக்கும் சேர்த்து.

இம்பாலில், நம்புல் ஆற்றை ஒட்டி, முன்பு அரிசி ஆலையாக இருந்த கட்டடத்தில் எங்கள் மையம் நடக்கிறது. 'நம்பர் நாலு' என்று இங்கே எல்லாரும் சொல்லும் வெள்ளை ஹெராயின் பொடியை விடுவதற்கு வருகிறார்கள், அல்லது கொண்டுவரப்படுகிறார்கள். ஆலோசகர்களில் இரண்டு வகை உண்டு. தாங்களே ஊசி போட்டுப் பிழைத்து வந்தவர்கள் ஒரு வகை. புத்தகம் படித்து வந்தவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினரைப் பொறுத்தவரை இரண்டாம் வகையினருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாம் வகையினரைப் பொறுத்தவரை முதல் வகையினருக்கு ஒரே ஒரு கதைதான் தெரியும், அவர்களுடைய கதை. இரண்டு தரப்பும் சொல்வது சரி என்பதால் மாதக் கூட்டங்கள் நீண்டுகொண்டே போகும். நான் இரண்டாம் வகை.

லாந்தோனி இரண்டிலும் சேராதவர். ஊசி போட்டதில்லை, கல்லூரிப் பக்கம் போனதில்லை. கல்யாணத்துக்கு முன் மூன்று வருடம் தம்பியின் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றவர். அவருடைய படிப்பு முழுக்க அங்கேதான் நடந்தது.

"குளிக்கிறவன் வீட்டுல தண்ணிச் சத்தம் விட்டு விட்டு வரும், ஓஜா," என்பார் என்னிடம். ஓஜா என்றால் ஆசிரியர். என்னிடம் சொல்லும்போது அதில் பாதி கிண்டல். "சும்மா திறந்து வெச்ச குழாய் ஒரே சுதியில பாடும். இது உங்க மெட்ராஸ் புஸ்தகத்துல இருக்கா?"

இல்லை. ஜூன் மாதத்தில் முழுக்கைச் சட்டை போட்டவனை வாசலிலேயே நிறுத்தவேண்டும் என்பதும் அதில் இல்லை. அம்மா மேல் சத்தியம் செய்பவனிடம், "உங்கம்மா செத்து ஆறு வருஷமாச்சு, உயிரோட இருக்கிற யார் மேலயாவது பண்ணு," என்று சொல்லவேண்டும் என்பதும் இல்லை. நோயாளிகள் அவருக்கு வைத்த பெயர் போலீஸ் எசே. ஆனாலும் அவர் திட்டியவர்கள் தங்கினார்கள். என்னிடம் மனம் திறந்து அழுதவர்கள் மதில் ஏறிப் போனார்கள். தலையணைக்கடியில் எனக்கு நன்றிக் கடிதம் வைத்துவிட்டுப் போன நாகரிகமானவர்களும் உண்டு.

அவரை வேலைக்கு எடுத்தவர் மையத்தின் தலைவர் மணிஹார், முதல் வகையைச் சேர்ந்தவர், பதினோரு வருடம் ஊசி போட்டவர். இந்த வேலைக்கு ஏன் வர நினைக்கிறாய் என்று கேட்டாராம். அந்தக் கேள்விக்கு எல்லாரும் சேவை என்று சொல்வார்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.

லாந்தோனி சொன்னது: "கோவம்."

"யார் மேல?"

"ஒருத்தன் மேல. எங்க இருக்கான்னு தெரியல. உங்ககிட்ட என்னைக்காவது வருவான்ல?"

மணிஹார் அவரை அன்றே சேர்த்துக்கொண்டார். ஏன் என்று பிறகு நான் கேட்டதற்கு, "அன்பால வர்றவங்க ரெண்டு வருஷத்துல களைச்சுப் போயிடறாங்க. கோவம் அப்படி இல்ல, நின்னு உழைக்கும்," என்றார். இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தர மாட்டார்கள். இத்தனை வருட அனுபவத்தில் என்னால் இதை மறுக்கவும் முடியவில்லை.

தம்பியின் கதையை அவர் எல்லாருக்கும் சொல்வார், புதிதாக வருபவர்களுக்குப் பாடம் மாதிரி. தம்பி பெயர் குஞ்சோ. தாய் தகப்பன் இல்லை; அக்கா தௌபாலில் வாழ்க்கைப்பட்டவர். 1994 அக்டோபரில் கணவரிடம் சொல்லிவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்து, குஞ்சோவை ஒரு அறையில் வைத்துப் பூட்டினார். வாந்தி, நடுக்கம், கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டார். இருபது நாள். அதற்குள் பையன் சதை போட்டுவிட்டான், பாட்டுக்கூடப் பாடினான். இருபத்தோராவது நாள் நிங்கோல் சாக்கௌபா. கட்டிக்கொடுத்த பெண்களைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துச் சகோதரன் சோறு போடும் நாள் அது. மணிப்பூரில் அன்றைக்கு மீன் வாங்காத ஆண்பிள்ளை ஆண்பிள்ளையே இல்லை.

"எசே, உனக்கு நானே மீன் வாங்கிட்டு வரேன். இதுக்குக்கூடவா நம்ப மாட்ட?" என்று கேட்டானாம் குஞ்சோ. அக்கா கதவைத் திறந்துவிட்டார்.

சந்தையிலிருந்து திரும்பும் வழியில் அவனுடைய சிநேகிதன் பார்த்துவிட்டான். ஒரு தையல்கடையின் பின்னறை. பழைய பழக்கம், பழைய அளவு. மூன்று வாரத்தில் உடம்பு அந்த அளவை மறந்துவிட்டிருந்தது, மனசு மறக்கவில்லை. சிநேகிதன் வெளித்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். மத்தியானம் கதவைத் திறந்தபோது பையில் இருந்த விரால் மீன் இன்னும் வாலை அடித்துக்கொண்டிருந்தது. அந்த அறையில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான்.

அந்தத் தாழ்ப்பாளைக் காரியம் முடிந்த கையோடு லாந்தோனி கழற்றி எடுத்துவந்தார். துருப்பிடித்த, ஒரு சாண் நீள இரும்பு. எங்கள் அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பங்கள் பறக்காமல் இருக்க மேலே வைப்பது அதைத்தான். மையத்தில் அவர் போட்ட விதி ஒன்றே ஒன்று: மூன்றாவது வாரத்தில் யாருக்கும் விடுப்பு இல்லை. அப்பா செத்தாலும் இல்லை. ஒருவனுக்கு உண்மையாகவே அப்பா செத்தார். சடலத்தை மையத்துக்குக் கொண்டுவந்து காட்டிவிட்டு எடுத்துப் போனார்கள்.

நிங்கோல் சாக்கௌபா அன்று மற்ற பெண் ஊழியர்கள் எல்லாரும் புடவை மடிப்புக் கலையாமல் அண்ணன் தம்பி வீடுகளுக்குப் போய்விடுவார்கள். அழைக்க ஆளில்லாத லாந்தோனிக்கு மட்டும் அன்றைக்கு முழுநாள் வேலை. கரண்டி எண்ணுவார்.

அவர் கதையில் சிநேகிதனுக்குப் பெயர் இருக்காது. வெறும் 'சிநேகிதன்'. அது ஜுகின்த்ரோ என்பது எங்களுக்குத் தெரியாது. 2009 செப்டம்பர் கடைசியில் ஜுகின்த்ரோவை அவன் அக்கா புருஷனும் இரண்டு ஆட்களுமாகத் தூக்கி வந்தபோது, லாந்தோனி கரண்டி எண்ணிக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்தார். திரும்பி மறுபடி எண்ணத் தொடங்கினார். அன்று முப்பத்தைந்துதான் இருந்தது; முப்பத்தாறு என்று எழுதினார். ஒன்பது வருடத்தில் அவர் எழுதிய ஒரே பொய்.

இரண்டாவது பொய் அன்று மாலையே வந்தது. நோயாளியோடு முன்பழக்கம் உள்ளவர் அவரைக் கையாளக்கூடாது என்பது தொழிலின் விதி. இம்பாலில் அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தால் யாருமே யாருக்கும் ஆலோசனை சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். லாந்தோனி சொல்லவில்லை. "இவன என்கிட்ட கொடுங்க, ஓஜா," என்று மட்டும் மணிஹாரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஜுகின்த்ரோவுக்கும் அவரைத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூட நாளில் அந்த வீட்டில் அவர் கையால் சாப்பிட்டவன். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அவர் அவனைத் திட்டவே இல்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும். வெந்நீர் கொடுத்தார், வாந்தியைத் துடைத்தார், கஞ்சியில் இஞ்சி தட்டிப் போட்டார். மற்றவர்களுக்குப் பொறாமை. "போலீஸ் எசேக்கு மனசு மாறிடுச்சு," என்று பேசிக்கொண்டார்கள். கன்னம் ஒட்டி வந்தவன் இருபது நாளில் கொழுகொழுவென்று ஆனான். பலி கொடுப்பதற்கு முன் இப்படித்தான் வளர்ப்பார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தோன்றியது.

அக்டோபர் இருபது நிங்கோல் சாக்கௌபா. ஜுகின்த்ரோவுக்கு அன்று இருபத்தோராவது நாள். அக்கா வருகிறாள், அவளை அழைக்கத் தன்னை விட்டால் ஆளில்லை, ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தான். முந்தின நாள் சாயங்காலம் தாழ்ப்பாளைத் தூக்கிவிட்டுப் பார்த்தேன். 'அனுமதிக்கப்படுகிறது. லாந்தோனி.'

அடுப்படியில் இருந்தார். காகிதத்தைக் காட்டினேன்.

"எசே, இது என்ன?"

"கண்ணாடி மறந்துட்டு வந்துட்டீங்களா?"

"மூணாவது வாரம்."

"பண்டிகை இல்லையா? அவனுக்கும் ஒரே அக்கா." கரண்டிகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "என்னைப் பாக்காதீங்க. அந்த சிநேகிதன் இவன்தான்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது காகிதத்தை மறுபடி படித்தேன்.

"நான் யாரையும் கொல்லல," என்றார். "கத்தி எடுத்தேனா? விஷம் வெச்சேனா? கதவைத்தான் திறந்து விடறேன். சுத்தமா, நல்லா சாப்பிட்ட உடம்போட அனுப்பறேன். நேரா வீட்டுக்குப் போய் அக்காவுக்குச் சோறு போட்டா பொழைச்சுப்பான். தையல்கடைப் பின்னால போனா அது அவன் பாடு. அன்னைக்கு என் தம்பிக்கும் இதே ரெண்டு வழி இருந்துச்சு."

"இது நியாயமா, எசே?"

"இல்ல. நியாயம் கேக்கற எடத்துக்கு நான் பதினஞ்சு வருஷம் போய்ப் பார்த்துட்டேன். அங்க யாரும் இல்ல." ஒரு கரண்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "உங்களுக்குப் பிடிக்கலைன்னா அடிச்சு எழுதுங்க. உங்களுக்கும்தான் அதிகாரம் இருக்கு. படிச்சவங்க."

இருந்தது. பேனாவும் இருந்தது. காலையில் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து காகிதத்தைத் தாழ்ப்பாளுக்கடியிலேயே வைத்துவிட்டு வந்தேன். படித்தவர்களின் கோழைத்தனத்துக்கு இப்படி மரியாதையான பெயர்கள் நிறைய உண்டு.

காலை ஏழு மணிக்கு நான் வந்தபோது ஜுகின்த்ரோ குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கையில் விடுப்புச் சீட்டு. வாசல் கேட் திறந்தே கிடந்தது. லாந்தோனி மேசைக்குப் பின்னால் இருந்தார். அவன் போகவும் இல்லை, உள்ளே திரும்பவும் இல்லை.

"ஏன் உக்காந்துட்ட? மீன் தீந்துடும்," என்றார் லாந்தோனி.

"எசே, மூணாவது வாரம் யாருக்கும் லீவு கிடையாதுன்னு சொல்றாங்க."

"ஆமா."

"எனக்கு மட்டுமா?"

"உனக்கு மட்டும்தான்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். இருபது வருடம் ஊசி போட்டவனுக்கு மூன்றாவது வாரத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் கேட்டையே பார்த்தான்.

"போனேன்னா மீன் சந்தைக்குப் போவேன்," என்றான். "அங்க ரெண்டு பேர் இருக்காங்க. என்னப் பாத்த உடனே சிரிப்பாங்க. எனக்கு என்னைத் தெரியும், எசே. மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும். உங்களுக்கு அது வேணும்னா நான் போறேன். கேக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா நீங்க வாயால சொல்லணும். சீட்டுல எழுதிக் கொடுத்துட்டு நீங்க நல்லவங்களா இருக்க முடியாது."

இந்த மாதிரி ஒரு வாக்கியத்தை நோயாளியிடமிருந்து வரவழைக்க நாங்கள் மாதக்கணக்கில் பாடுபடுவோம். லாந்தோனி அதைக் கொலைத் திட்டத்தின் மூலம் மூன்றே வாரத்தில் சாதித்திருந்தார்.

அவர் மேசைமேல் இருந்த தாழ்ப்பாளை எடுத்து அவன் முன்னால் வைத்தார். "இது எதுன்னு தெரியுதா?"

அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். 

"அவன் தூங்கறான்னு நெனச்சேன். தெருப் பொம்பளைங்க பந்தம் புடிச்சு ஊசிக்காரங்களைத் தேடின காலம். கண்டுபுடிச்சா அடிப்பாங்க. ஆள் இல்லாத மாதிரி இருக்கட்டும்னு வெளிய தாழ் போட்டேன். சாயங்காலம் வந்து திறக்கலாம்னு..."

"வந்தியா?"

"வரல."

"ஏன்?"

"மத்தியானமே தெரிஞ்சிடுச்சு. ஓடிட்டேன். எசே, நான் பூட்டலன்னா..."

"பூட்டலன்னா யாராவது உள்ள எட்டிப் பாத்திருப்பாங்க." லாந்தோனியின் குரல் உயரவில்லை. "பதினஞ்சு வருஷமா அதை நெனச்சுத்தான் சோறு எறங்குது எனக்கு. கதவைப் பூட்டினவன் நீ, பூட்டினவன் நீன்னு. ஒரு நாள்கூட இன்னொண்ணை நெனைக்க விட்டதில்ல."

"இன்னொண்ணு என்ன?"

 அடுப்படியில் யாரோ பாத்திரத்தைக் கீழே போட்டார்கள்.

"திறந்து விட்டவ நான்," என்றார்.

இரண்டு பேரும் அந்த இரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இந்தக் கட்டத்துக்கென்று எங்கள் பாடத்தில் மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. நல்லவேளையாக எதுவும் நினைவுக்கு வரவில்லை.

லாந்தோனி எழுந்து வந்தார். சீட்டை அவன் கையிலிருந்து பிடுங்கி நாலாகக் கிழித்தார்.

"நீ செத்துட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும். அது எனக்குப் பத்தாது," என்றார். "கேளு. என்னை அழைக்க எவனும் இல்லாம பண்ணிட்ட நீ. இனிமே ஒவ்வொரு சாக்கௌபாவுக்கும் நீ அழைக்கணும். ஒரு வாரம் முன்னால வெத்தலை பாக்கோட ஆள் வரணும், முறைப்படி. விரால் மீன், உயிரோட வாங்கினது. உன் கையால சமைக்கணும். அழைக்கணும்னா உயிரோட இருக்கணும், கை நடுங்காம மீன் அரியணும்னா சுத்தமா இருக்கணும். என் உசுரு இருக்கிற வரைக்கும் உனக்கு இதான் தண்டனை. எங்க குடும்பத்துல எல்லாரும் தொண்ணூறு வரைக்கும் இருப்பாங்க, தம்பியத் தவிர."

"மன்னிப்பீங்களா, எசே?"

"மன்னிப்பைப் பத்தி யாரு பேசினா? மீனைப் பத்திப் பேசறேன்."

அன்று மத்தியானம் அவனுடைய அக்கா மையத்துக்கே வந்தாள். சமையலறையில் ஜுகின்த்ரோ மீன் அரிந்தான். மணிஹார் சந்தைக்கு ஆள் அனுப்பி வாங்கியது. லாந்தோனி பக்கத்தில் நின்று கத்தியையும் கரண்டிகளையும் பார்த்துக்கொண்டார். சாப்பிட உட்காரவில்லை. அழைப்பு ஒரு வாரம் முன்னால் வரவில்லையே என்றார்.

அவன் ஆறு மாதம் தங்கினான். வெளியே போய்ச் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்தான். நேராகத் திருந்திவிட்டான் என்று எழுத ஆசைதான். இரண்டாவது வருடம் பிப்ரவரியில் ஒரு நாள் அவனே தொலைபேசியில் கூப்பிட்டு, "பொட்டலம் கையில இருக்கு, எசே," என்றான். லாந்தோனி ஆட்டோ பிடித்துப் போய்க் கடைவாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்: "சாக்கௌபாவுக்கு இன்னும் எட்டு மாசம் இருக்குடா! அதுக்குள்ள சாக உனக்கு யாரு அனுமதி கொடுத்தா?" பொட்டலம் சாக்கடைக்குப் போனது. காதலிக்காகவும் பிள்ளைக்காகவும் விட முடியாததை ஒரு எதிரிக்காக விட்டவர்கள் வேறு சிலரையும் அதற்கப்புறம் நான் பார்த்திருக்கிறேன். கட்டுரை எழுதும் அளவுக்கு எண்ணிக்கை சேரவில்லை.

எட்டு வருடமாக அழைப்பு தவறாமல் வருகிறது. போன வருடம் துணைக்கு என்னையும் கூட்டிப் போனார். புறப்படுவதற்கு முன் மையத்தில் மூன்றாவது வாரத்துக்காரர்கள் கொடுத்திருந்த நாலு விடுப்பு விண்ணப்பங்களையும் அடித்து, மேலே தாழ்ப்பாளை வைத்தார். பிறகு மெல்லிய ரோஜா நிற மேலாடையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

ஜுகின்த்ரோ வீட்டில் மணை போட்டு வைத்திருந்தான். லாந்தோனி உட்காரவில்லை. நேராக அடுப்படிக்குப் போனார். தட்டு அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு கிண் கிண் என்று ஒவ்வொன்றாக. ஜுகின்த்ரோ என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"ஆறு," என்றபடி வெளியே வந்து உட்கார்ந்தார். "சரி, போடு."

மீனை வாயில் வைத்தார். "உப்பு கம்மி."

"போன வருஷம் அதிகம்னு சொன்னீங்க."

"அதுவும் உண்மைதான்."

இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டார். அவன் கொடுத்த புடவையைப் பிரித்துப் பார்த்து, நிறம் பரவாயில்லை என்று மடியில் வைத்துக்கொண்டார். வழக்கப்படி இதற்கப்புறம் சகோதரன் குனிய வேண்டும், அக்கா தலையில் கை வைத்து, நீண்ட நாள் இரு என்று ஆசீர்வதிக்க வேண்டும். ஜுகின்த்ரோ ஒவ்வொரு வருடமும் போலவே குனிந்தான். லாந்தோனி ஒவ்வொரு வருடமும் போலவே எழுந்து கை கழுவப் போனார்.

செருப்பு மாட்டும்போது திரும்பி, "அடுத்த வருஷம் இஞ்சி கொஞ்சம் சேத்துப் போடு," என்றார்.